கொழும்பில் பேய்ப்படம், வில்லன் பொலிஸ்காரன்: முதலில் கடிதம், பிறகுதான் காக்கி

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 24 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். வில்லன் ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரி. உயிரோடு இருந்தபோது ஆட்களைக் கொன்றவன். செத்த பிறகும் இரவில் ரவுண்ட்ஸ் போவதை நிறுத்தவில்லை. கதை பதினான்கு பக்கம். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஏழு மாதம் ஆனது. அதில் கமரா ஓடியது ஒன்பது இரவுகள். மிச்சக் காலம் முழுக்கக் கடிதம், போட்டோ கொப்பி, முத்திரை, காத்திருப்பு.

இதே மாதிரி ஒரு கதையோடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாராவது இப்போது உட்கார்ந்திருப்பீர்கள். பேயை எடுப்பது சுலபம், அதற்கு எந்த அலுவலகமும் அனுமதி கேட்காது. கஷ்டம் எல்லாம் காக்கிச் சட்டையில்தான். சொந்தக் காசில் சின்னப் படம் எடுப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. வில்லனைக் காகிதத்திலேயே குறையுங்கள்

கமரா வாடகைக்குப் பேச முதல், திரைக்கதையை எடுத்து வில்லன் முழுச் சீருடையில் வருகிற காட்சிகளைச் சிவப்பு பேனையால் வட்டமிடுங்கள். எங்கள் முதல் பிரதியில் 19 காட்சிகள். அதில் 11 தெருவில். தெருவில் காக்கி என்றால் அனுமதி, கூட்டம், போன் அழைப்பு என்று எல்லாம் கூடவே வரும். இரண்டு கிழமை உட்கார்ந்து வெட்டினோம். கடைசியில் சீருடைக் காட்சிகள் ஆறு. ஆறும் நான்கு சுவருக்குள்.

வெளியே அவனுக்கு ஒரு நீளமான கறுப்பு மழைக்கோட்டைக் கொடுத்தோம். கையில் பழைய காலத்து நீள டோர்ச். காலில் லாடம் அடித்த பூட்ஸ். ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம் முதலில் வரும். அப்புறம் டோர்ச் வெளிச்சம் கதவுக்கு அடியால் நுழைந்து, தரையில் ஊர்ந்து, கட்டிலின் காலில் வந்து நிற்கும். ஆள் உள்ளே வருவதே இல்லை. படம் பார்த்தவர்களில் பாதிப்பேர் இந்தக் காட்சியில் பொலிஸ் சட்டையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். அங்கே சட்டையே கிடையாது. அந்தக் காட்சிக்கான அனுமதிச் செலவும் பூச்சியம்.

அவன் கொல்லுகிற விதத்தையும் இப்படித்தான் மாற்றினோம். முதலில் ரிவால்வர் வைத்திருந்தான். இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி. புறக்கோட்டையில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிற அதே தடித்த அட்டைக் கொப்பிதான். அதில் சிவப்பு மையால் கோடு போட்டு முறைப்பாட்டுப் புத்தகம் ஆக்கினோம். இன்ன வீட்டில் இன்னார் இறந்து கிடக்கக் கண்டேன் என்று தன் கையெழுத்தில், நாளைய திகதி போட்டு எழுதிவிட்டு மூடிவிடுவான். அடுத்த காட்சியில் விடிந்திருக்கும். துப்பாக்கி, வெடிச்சத்தம், அதற்கான அனுமதி எல்லாம் அதோடு கழன்றன. கொப்பி அட்டையில் மட்டும் அரச இலச்சினையோ பொலிஸ் சின்னமோ ஒட்டாதீர்கள். வெறும் பழுப்புத்தாள் போதும்.

இன்னும் மூன்று விஷயங்களை எழுதும்போதே தீர்த்துவிடுங்கள்.

பெயர்: வில்லனுக்கு முழுப்பெயர் வேண்டாம். நீங்கள் வைக்கிற பெயரில் எங்காவது ஓர் அதிகாரி கடமையில் இருக்கலாம். எங்களவனை எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிடுவார்கள். பொலிஸ் நிலையத்தின் பெயரும் கற்பனை. அந்தப் பெயரில் நாட்டில் எங்குமே நிலையம் இல்லையென்று தேடிப் பார்த்த பிறகே பலகை எழுதினோம்.

உண்மைச் சம்பவம்: பேப்பரில் வந்த தடுப்புக்காவல் மரணத்தை ஊரை மாத்திரம் மாற்றி எடுக்காதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் சிக்கல் ஒரு பக்கம். அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் படத்தைப் பார்க்க நேர்வது அதைவிடப் பெரிது.

மொழி: வில்லன் சிங்களத்தில் அதட்டுவான், மற்றவர்கள் தமிழில் அழுவார்கள் என்று எழுதினால், படம் எடுத்து முடிக்க முன்பே அது வேறு படமாகிவிடும். எங்களவன் நல்ல தமிழ் பேசுவான். வீட்டுக்கு வந்தால் அம்மாவை அம்மா என்றும் பிள்ளையைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பான். எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

2. கோப்பைத் தயார் செய்யுங்கள்

தமிழ் அரசகரும மொழி. தமிழில் கடிதம் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, பதிலும் தமிழில் கேட்கலாம். உரிமை இருக்கிறது, ஆனால் உங்களிடம் நேரம் இருக்கிறதா? தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துக் கொடுங்கள். மேசைக்கு மேசை கோப்பு நகரும்போது வாசிக்கிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பை மென்பொருளிடம் விடாதீர்கள். நாங்கள் விட்டோம். பேய் என்ற இடத்தில் எல்லாம் இயந்திரம் யக்கா என்று போட்டிருந்தது. சிங்களத்தில் யக்கா என்றால் செத்தவரின் ஆவி அல்ல, பிசாசு. அது வேறு சரக்கு. பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர் உட்கார்ந்து திருத்தித் தந்தார்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முடிவு உட்பட
- முழுத் திரைக்கதை, சீருடை வரும் பக்கங்களில் அடையாளத்தாள் ஒட்டியது
- சீருடைப் பட்டியல்: எந்தக் காட்சி, யார் அணிகிறார், உள்ளா வெளியா, எத்தனை மணிக்கு
- குழுவில் எல்லோருடைய பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம்
- வாகன இலக்கங்கள்
- இடங்களின் வரைபடம், வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம்
- வியாபாரப் பதிவு இருந்தால் அதன் பிரதி. இல்லாவிட்டால் ஏதாவது கலைச் சங்கத்தின் அல்லது நீங்கள் படித்த நிறுவனத்தின் கடிதம்

கதைச் சுருக்கத்தில் ஒளிக்காதீர்கள். இது நாங்கள் விட்ட பெரிய பிழை. மர்மம் நிறைந்த ஓர் அதிகாரியின் வாழ்க்கை என்று மழுப்பி எழுதியிருந்தோம். ஓர் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்தவர் சுருக்கத்தை வாசித்துவிட்டுத் தலையாட்டினார், அப்புறம் திரைக்கதையைத் திறந்தார். ஒன்பதாம் பக்கத்தில் வில்லன் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளுகிறான். மனிதர் கோபப்படவே இல்லை, கோப்பை மூடி வைத்தார். அவ்வளவுதான், ஐந்து கிழமை போனது. திரும்ப எழுதியபோது முதல் வரியிலேயே போட்டோம்: இந்தப் படத்தின் வில்லன் பொலிஸ் அதிகாரி, அவன் கொலைகாரன், கதை நடக்கும்போது அவன் உயிரோடு இல்லை, முடிவில் நேர்மையான ஓர் இளம் அதிகாரியே அவனுடைய புத்தகத்தை எரிக்கிறாள். கடைசிப் பகுதி அனுமதிக்காக வைத்ததல்ல, கதையிலேயே இருந்தது. ஆனால் அதைச் சுருக்கத்தில் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

ஐந்து செட் எடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பின்னால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்கும்போது அந்த முத்திரைதான் பேசும்.

3. காக்கிக்கு அனுமதி

விண்ணப்பம் பொலிஸ் மா அதிபருக்கு முகவரியிட்டு, கொழும்பு கோட்டையில் உள்ள பொலிஸ் தலைமையகத்துக்குப் போக வேண்டும். பிரதியை நீங்கள் படம் பிடிக்கப்போகிற பகுதியின் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குக் கொடுங்கள். சீருடை, பதவிச் சின்னம், பொலிஸ் வாகனம் போலத் தெரியும் வாகனம், ஆயுதம் போன்ற பொருள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் கேளுங்கள். சீருடைக்கு என்று வாங்கிய கடிதத்தைக் காட்டி, நீல விளக்குப் பூட்டிய ஜீப்பைத் தெருவில் ஓட்ட முடியாது.

குறைந்தது ஆறு கிழமை ஒதுக்குங்கள். ஏப்ரல் புத்தாண்டுக் காலத்திலும் டிசம்பர் கடைசியிலும் கோப்பு கொடுத்தால் இன்னும் இரண்டைக் கூட்டுங்கள்.

இங்கே எல்லோரும் விழுகிற குழிகள் மூன்று.

பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. போனில் ஒருவர் பரவாயில்லை, எடுங்கள் என்று சொன்னதும் அனுமதியில்லை. இரவு பதினொரு மணிக்கு ரோந்து வாகனம் வந்து நிற்கும்போது, போனில் சொன்ன அந்த நல்ல மனிதர் நித்திரையில் இருப்பார்.

அடுத்தது திகதி. 12, 13, 14 என்று மூன்று நாளை மட்டும் எழுதிக் கேட்டோம். 13 அன்று அடைமழை. 15-க்குத் தள்ளினால் கடிதம் செல்லாது. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை என்று இரண்டு கிழமை இடைவெளி கேளுங்கள், அதற்குள் ஆறு இரவு எடுப்போம் என்று எழுதுங்கள்.

மூன்றாவது, ஆள். சீருடை அணிகிறவரின் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு நடிகருக்குக் காய்ச்சல் என்று தம்பியைப் போட்டால் அவன் கையில் காகிதம் இல்லை. மாற்று நடிகரின் பெயரையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மூலப்பிரதி எப்போதும் படப்பிடிப்பு இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரே ஆளின் பொறுப்பில். எங்களிடம் அந்த ஆள் ஒலிப்பதிவுக்காரர். ஒருநாள் அவர் மூலப்பிரதியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அன்று கதவுகளையும் டோர்ச் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்தோம்.

4. தைப்பதும் அணிவதும்

துணி புறக்கோட்டையில் கிடைக்கும். தைக்கிறவர் கடிதம் கேட்டால் கோபிக்காதீர்கள், அவர் செய்வது சரி. அனுமதி வந்த பிறகே தையற்காரரிடம் போங்கள். முதலில் தைத்துவிட்டு அனுமதி மறுக்கப்பட்டால், அலுமாரிக்குள் ஒரு பொலிஸ் சட்டையை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். உண்மையான பதவிச் சின்னத்தை எங்கிருந்தாவது இரவல் வாங்குகிற எண்ணம் வேண்டவே வேண்டாம். கமரா இருட்டில் எடுக்கிறது. தோளில் ஏதோ மினுங்கினால் போதும். இராணுவ உருமறைப்புத் துணி பக்கமே போகாதீர்கள், அது சிவிலியன்கள் அணியக்கூடாத உடை.

அணிகிற விதிமுறை ஒன்றே ஒன்று: சீருடை வீட்டுக்குள் மட்டும். உள்ளே வந்து மாற்ற வேண்டும், உள்ளேயே கழற்ற வேண்டும், நடுவில் தேநீர் குடிக்க வாசலுக்கு வந்தாலும் மேலே மழைக்கோட்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் இரவு வில்லனாக நடித்தவர் நேரம் மிச்சப்படுத்த வீட்டிலேயே சீருடையை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறி வந்தார். காலி வீதியில் நெரிசல். பக்கத்தில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிள் உரசியதற்காகச் சண்டை. சேர், நீங்களே சொல்லுங்கள் என்று ஒருவர் ஓட்டோவுக்குள் தலையை விட்டுக் கேட்டிருக்கிறார். எங்களவர் நல்ல நடிகர். அதுதான் பிரச்சினை. இறங்கி, இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்து, ஓரமாகப் போங்கள் என்றார். அவர்களும் போனார்கள். பத்து நிமிடத்தில் உண்மையான பொலிஸ் வந்தது.

எங்களிடம் அப்போது கடிதம் இருந்தது. ஆனால் கடிதத்தில் இருந்தது வீடு, காலி வீதி அல்ல. பொலிஸ்காரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும்படி சீருடை அணிவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். நாங்கள் ஓர் இரவின் பாதியை வாங்கில் உட்கார்ந்து கழித்தோம், விடியும்போது எச்சரித்து அனுப்பினார்கள். பிழை முழுக்க எங்களுடையதுதான்.

5. துப்பாக்கி

வேண்டாம். பொம்மையும் வேண்டாம். இருட்டில் ஒழுங்கையில் நிற்கிற ஆளின் கையில் இருப்பது பிளாஸ்டிக்கா இரும்பா என்று மாடியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் பொலிஸ் அவசர இலக்கமான 119-க்கு அடிப்பார். அடிக்கத்தான் வேண்டும். கதைக்குக் கட்டாயம் என்றால் மரத்தில் செதுக்கி, வீட்டுக்குள் மட்டும், ஷொட் முடிந்ததும் பெட்டிக்குள்.

6. இடம்

தனியார் வீடுதான் உங்கள் நண்பன். கொட்டாஞ்சேனைப் பக்கம் உயரமான கூரையும் நடுமுற்றமும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. பொலிஸ் நிலையத்தையே அப்படி ஒரு வீட்டின் முன் அறையில் அமைத்தோம். மேசை, வாங்கு, சுவர்க் கடிகாரம், பச்சை பெயின்ட். வெளியே பெயர்ப்பலகை மாட்டவில்லை. பலகையைத் தனியாக ஒரு சுவரில் வைத்து எடுத்து, வெட்டி ஒட்டினோம். வீட்டு வாசலில் மாட்டியிருந்தால் காலையில் யாராவது முறைப்பாடு கொடுக்க வந்திருப்பார்கள்.

பொது வீதி என்றால் மாநகர சபையும் பொலிஸும் இரண்டும் தேவை. கனத்தை மயானத்தில் பேயை நடக்கவிட ஆசைப்படுவீர்கள். அதை நடத்துவது கொழும்பு மாநகர சபை, ஆகவே கடிதம் அங்கே போக வேண்டும். ஆனால் யோசியுங்கள்: அங்கே மக்கள் உண்மையாகவே அழுதுகொண்டிருப்பார்கள். நாங்கள் விட்டுவிட்டோம்.

கரையோர ரயில் பாதை வெள்ளவத்தையில் கடலை ஒட்டியே போகிறது, இரவில் பார்த்தால் எந்த இயக்குநருக்கும் வாயூறும். தண்டவாளத்தில் நடப்பதே அத்துமீறல். மருதானையில் உள்ள ரயில்வே தலைமையகத்தில் எழுத்தில் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் இறங்காதீர்கள். அனுமதி இருந்தாலும் ரயில் உங்களுக்காக நிற்காது. நாங்கள் மரைன் டிரைவ் பக்கமுள்ள ஒரு மாடி வீட்டின் பல்கனியிலிருந்து ரயில் போவதை எடுத்துக்கொண்டோம்.

ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். கொழும்புக்குள் அது சின்னப் படத்துக்கு வீண் தலையிடி. துறைமுகம், கடற்படைத் தலைமையகம், கோட்டையின் பாதுகாப்பு வேலிகள் இருக்கும் திசைக்குக் கமராவைத் திருப்பவே வேண்டாம். கோயில், பன்சலை, பள்ளிவாசல், தேவாலயம் எதுவும் கொலைக் காட்சியின் பின்னணியில், மங்கலாகக்கூட, தெரியக்கூடாது. 2019-இல் மதத்தைப் புண்படுத்தியதாகச் சொல்லி, ஒரு சிறுகதைக்காகவே ஓர் எழுத்தாளர் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் கீழ் கைதானார். கற்பனைக் கதைதானே என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள்.

7. எந்த இரவு

பேய்ப்படக்காரர்களுக்கு முழுநிலவு வேண்டும். முழுநிலவு என்றால் இங்கே போயா, பௌத்தர்களின் புனித நாள். அலுவலகம் பூட்டு, வாடகைக் கடைகளில் பல பூட்டு, அக்கம்பக்கத்தில் சில் என்கிற பௌத்த விரதம் எடுத்தவர்கள் அமைதியாக இருப்பார்கள். அன்று போய் இரத்தம் தெறிக்கக் கத்துவது மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை. போயாவுக்கு இரண்டு நாள் முந்தி அல்லது பிந்தி எடுங்கள். நிலவில் வித்தியாசம் கமராவுக்குத் தெரியாது.

கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியும் மின்னலும் வந்துவிடும், ஜெனரேட்டரோடு வெளியே நிற்காதீர்கள். எங்கள் மழைக்கோட் வில்லனுக்கு மழை வேண்டும் என்று மே மாதத்தில் வைத்தோம். மழை வந்தது. ஒலிப்பதிவில் வேறு எதுவும் வரவில்லை. மழையை அறைக்குள் இருந்து யன்னலால் எடுத்து, பேச்சைப் பிறகு பதிவது நல்லது.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கத்துகிற காட்சிகளை 7-க்கும் 10-க்கும் இடையில் முடியுங்கள். பத்துக்குப் பிறகு முகம், கை, பூட்ஸ், கொப்பி. கொழும்பில் வருடம் முழுக்க ஏழு மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் இந்த மூன்று மணித்தியாலம் எப்போதும் கையில் இருக்கும்.

8. ஒழுங்கைக்காரர்களுக்குச் சொல்லுங்கள்

இரண்டு நாள் முந்தி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் அரைப்பக்கத் துண்டு: என்ன படம், எத்தனை மணி, யாருக்குப் போன் பண்ணலாம். கத்துகிற சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். பொலிஸ் நிலையத்துக்கும் அன்று மாலை ஒருமுறை போன் அடித்து ஞாபகப்படுத்துங்கள். யாராவது 119-க்கு அழைத்தால் ரோந்து வாகனத்தில் வருகிறவர் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவராக இருப்பார்.

அப்புறம், வான். இதை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை வான். லைட்டையும் ஆட்களையும் ஏற்ற வசதி, விலையும் குறைவு, நிறத்தை யார் யோசித்தது? இரவு ஒன்பதரைக்கு ஒழுங்கைக்குள் அது திரும்பியது, முன் சீட்டில் மழைக்கோட் போட்டபடி எங்கள் வில்லன். வான் நின்றது. முன்வீட்டில் வாசலில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழும்பி உள்ளே போனார். கதவு பூட்டியது, அப்புறம் லைட் அணைந்தது. துண்டு அவருக்கும் கொடுத்திருந்தோம், அவருடைய மகளே வாங்கினார். மகள் பிறகு வந்து, அம்மாவுக்கு இன்றைக்கு நித்திரை வராது, உங்களில் பிழையில்லை, வானை மட்டும் வெளி ரோட்டில் விடுங்கள் என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, வெள்ளை வானில் ஆட்கள் கடத்தப்பட்ட காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து சின்ன நீல லொறி. நாளொன்றுக்கு 2,000 ரூபா கூட. வாகனம் பேசும்போது விலைக்கு முன் நிறத்தைக் கேளுங்கள்.

9. காசு

ஒன்பது இரவு, 14 பேர். நடிகர்கள் சம்பளம் வாங்கவில்லை. எங்களுக்கு ஆன கணக்கு இது:

- கமரா, லென்ஸ் வாடகை: 108,000 ரூபா
- சாப்பாடு, தேநீர்: 88,200
- லைட், ஜெனரேட்டர்: 81,000
- வாகனம்: 54,000
- வீட்டு வாடகை: 45,000
- இரண்டு செட் காக்கி, மழைக்கோட், பூட்ஸ்: 27,000
- மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த அன்பளிப்பு, போட்டோ கொப்பி, தபால்: 16,500
- மேக்கப், இரத்தம்: 8,000
- ரத்தான இரண்டு இரவுகள்: 38,000

கடைசி வரியைப் பாருங்கள். மழையும் ஓட்டோச் சம்பவமும் சேர்ந்து தின்ற காசு அது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை இப்படிப் போவதற்கென்றே ஒதுக்குங்கள். அனுமதிக் கட்டணங்கள் இடத்துக்கு இடம் மாறும். கவுண்டரில் கேட்டு, பற்றுச்சீட்டோடு மட்டும் கட்டுங்கள். சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வெளியே நின்று பேசுகிறவரிடம் கொடுக்கிற காசுக்குப் பற்றுச்சீட்டும் வராது, அனுமதியும் வராது.

இரத்தத்துக்குக் கித்துள் பாணியில் சிவப்பு நிறம் கலந்தோம். பார்வைக்கு அருமை. அரை மணியில் பிணத்தின் மேல் எறும்பு. பிணமாகப் படுத்திருந்த பெண் இரண்டாவது டேக்கில் எழும்பி ஓடினாள். 

10. காட்டுவது

பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் தணிக்கைச் சபைக்குப் படம் போக வேண்டும். கொலைகாரப் பொலிஸ், இரத்தம், பேய் மூன்றும் இருப்பதால் வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சிங்கள உபதலைப்பு போட்டே கொடுங்கள். மண்டபத்தை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு சான்றிதழுக்கு ஓடாதீர்கள், திகதி பொருந்தாது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஐந்து கிழமை தள்ளி மண்டபம் பேசுங்கள். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபம் தமிழ் ஆட்களுக்கு வசதியான இடம். வேற்றுமொழிக்காரரும் வர வேண்டுமென்றால் கொழும்பு 7 பக்கம், பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி அரங்கை விசாரியுங்கள்.

இணையத்தில் போடுவதானால் 2024-இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதை மறக்காதீர்கள். இது கற்பனை, இதில் வரும் நிலையமும் ஆட்களும் கற்பனை என்ற அறிவிப்பைப் படத்தின் தொடக்கத்தில் மூன்று மொழியிலும் வையுங்கள். முன்னோட்டத்தை வெட்டும்போது கவனம்: காக்கி போட்டவன் பெண்ணைத் தள்ளுகிற பத்து வினாடி தனியாகக் கைமாறினால், அது படம் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் முன்னோட்டத்தில் டோர்ச்சும் கதவும் மட்டும்தான்.

பாட்டு விஷயம் ஒரு வரி: பின்னணியில் வானொலி பாடுகிற சினிமாப் பாட்டுக்கும் உரிமை இருக்கிறது, சொந்தமாக இசையமையுங்கள். உங்கள் கதைக்கான பதிப்புரிமை எழுதியவுடனேயே உங்களுடையது, அதற்குப் பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை.

11. கடைசியாக அந்தச் சட்டை

படம் முடிந்ததும் எல்லோரும் கமராவைத் திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள், சட்டை யார் வீட்டிலாவது கிடக்கும். சலவைக்குப் போடாதீர்கள், நண்பர்களுக்கு இரவல் கொடுக்காதீர்கள், பழைய துணியோடு வெளியே போடவே போடாதீர்கள். கடிதத்தின் காலம் முடிந்த மறுநாளிலிருந்து அது நடிப்பு உடை அல்ல, பொலிஸ் சட்டை, கையில் வைத்திருக்க உங்களிடம் காரணமும் இல்லை. பொத்தானையும் தோள்பட்டையையும் கழற்றி, போட்டோ எடுத்து, திகதி போட்டு, கடிதப் பிரதியோடு கோப்பில் வைத்தோம். துணியை ஒரு வாளி கறுப்புச் சாயத்தில் முக்கினோம். ஒரு செட் சுருங்கிவிட்டது. மற்றதைப் போட்டுக்கொண்டு எங்கள் வில்லன் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கழுவுகிறார்.